மாற்றம் யாருடைய பொறுப்பு? கெய்ரோவிலிருந்து வக்கம் வரை

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "உஸ்தாதே, 22 அரபு நாடுகள் இருக்கு. எண்ணெய் இருக்கு, பணம் இருக்கு. அப்புறமும் ஏன் இந்த நிலைமை?" ஃபலஸ்தீனச் செய்திகளைப் பார்த்து மனம் வெந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பலருக்கு அரபு நாடு என்பது வெறும் செய்தி அல்ல. மகனோ மருமகனோ அங்கே வேலை பார்க்கிறான். வீட்டில் அடுப்பெரிவது அந்த வருமானத்தில்தான்.

கேள்வி முடியும் முன்பே பக்கத்தில் நிற்பவர்களிடமிருந்து இரண்டு பதில்கள் வந்துவிடும். ஒன்று, "எல்லாம் மேற்கு நாடுகளின் சதி." மற்றொன்று, "மஹ்தி (அலை) அவர்கள் வந்தால்தான் இனி சரியாகும்." இரண்டும் வெவ்வேறு பதில்கள்போலத் தோன்றினாலும் முடிவு ஒன்றுதான். முதல் பதிலில் குற்றம் வேறொருவருடையது. இரண்டாவதில் வேலை வேறொருவருடையது. நாம் செய்ய வேண்டியது என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

மார்க்கம் இதைத்தான் சொல்கிறதா? அரபுலகின் சிந்தனையாளர்கள் இதைப் பற்றி என்ன சொன்னார்கள்? அந்தச் சிந்தனை நம் திருவிதாங்கூர் மண்ணுக்கு வந்தபோது என்ன நடந்தது? நமக்கு அதில் என்ன பாடம்? இவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

போர்னியோவிலிருந்து ஒரு கடிதம்

இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறு வயதாகிறது. இன்றைய இந்தோனேசியாவில், போர்னியோ தீவிலுள்ள சம்பாஸ் என்ற ஊரின் இமாம் முஹம்மது பஸ்யூனி இம்ரான். கெய்ரோவில் 1898 முதல் 'அல்-மனார்' இதழை நடத்திவந்த ரஷீத் ரிளா அவர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். முஸ்லிம்கள் ஏன் பின்தங்கினார்கள், மற்றவர்கள் எப்படி முன்னேறினார்கள் என்பதுதான் அதிலிருந்த கேள்வி. ரிளா அதை லெபனானைச் சேர்ந்த அறிஞர் அமீர் ஷகீப் அர்ஸலான் அவர்களிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னார். 1930இல் அல்-மனாரில் வெளிவந்த அந்தப் பதில் பின்னர் நூலாகி, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

அர்ஸலான் காலனி ஆட்சிகளுக்கு எதிராகத் தம் வாழ்நாளையே செலவழித்தவர். சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் ஐரோப்பாவில் வாழ்ந்தவர். ஆதிக்க நாடுகளின் கொடுமையை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் தம் பதிலின் பெரும்பகுதியை முஸ்லிம்களின் பக்கம் திருப்பினார். மற்ற சமூகங்கள் தம் பொதுக் காரியத்துக்காகப் பொருளையும் உயிரையும் கொடுக்கின்றன. நாமோ துஆவை மட்டும் கொடுத்துவிட்டு வெற்றியை எதிர்பார்க்கிறோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

சமுதாயத்துக்குக் கேடு செய்யும் இரண்டு வகையினரையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒருவர் 'ஜாமித்', உறைந்துபோனவர். பழக்கத்தில் வந்த எதையும் மாற்றவிடமாட்டார். புதிய கல்வி என்றாலே மார்க்கத்துக்கு ஆபத்து என்பார். மற்றவர் 'ஜாஹித்', மறுப்பவர். முன்னேற வேண்டுமானால் மார்க்கத்தையும் மரபையும் உதறிவிட வேண்டும் என்பார். அர்ஸலானின் பார்வையில் இருவருமே சமுதாயத்தை அதன் காலில் நிற்கவிடாதவர்கள்.

உஹதுப் போரில் கிடைத்த விடை

அர்ஸலான் சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. திருக்குர்ஆனின் 'அர்-ரஅத்' அத்தியாயத்தின் 11ஆவது வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். ஒரு சமூகம் தன்னிடம் இருப்பதைத் தானே மாற்றிக்கொள்ளாதவரை அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை என்பது அதன் கருத்து. மேடைகளில் அதிகம் ஓதப்படும் வசனமும் இதுதான். ஆனால் அதன் பொருள் எவ்வளவு கனமானது என்பதை உஹதுப் போரோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் உணர முடியும்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. குறைஷிகள் மதீனாவைத் தாக்க வருகிறார்கள். ஊருக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணம். ஆனால் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். வெளியே சென்று போரிட வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். நபியவர்கள் அந்தக் கருத்தை ஏற்றுப் புறப்பட்டார்கள். மலைமீது 50 வில்லாளர்களை நிறுத்தி, எக்காரணம் கொண்டும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். வெற்றி கண்ணுக்குத் தெரிந்ததும் வில்லாளர்களில் பெரும்பாலோர் இறங்கி ஓடினார்கள். நிலைமை தலைகீழாக மாறியது. 70 தோழர்கள் ஷஹீதானார்கள். நபியவர்களின் முகத்தில் காயம்பட்டு இரத்தம் வழிந்தது.

இது எங்கிருந்து வந்தது என்று முஸ்லிம்கள் திகைத்தபோது இறங்கிய பதிலை 'ஆலு இம்ரான்' அத்தியாயத்தின் 165ஆவது வசனத்தில் பார்க்கலாம். இது உங்களிடமிருந்தே வந்தது என்று சொல்லுமாறு நபியவர்களுக்கு அல்லாஹ் கட்டளையிட்டான். வாளை வீசியவர்கள் குறைஷிகள், அநியாயக்காரர்கள் அவர்கள்தான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அப்படியிருந்தும் முஸ்லிம்களிடம் பேசும்போது குர்ஆன் அவர்களுடைய பங்கைத்தான் எடுத்துச் சொன்னது. எதிரியின் குணத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் அணி ஒழுங்காக நிற்பது நம் கையில் இருக்கிறது.

நாம் அதிகம் கவனிக்காத இன்னொரு செய்தியும் இதில் உண்டு. ஆலோசனை கேட்டு எடுத்த முடிவுக்குப் பிறகுதான் இந்த இழப்பு வந்தது. "இனி யாரிடமும் கேட்க வேண்டாம், நீங்களே முடிவெடுங்கள்" என்று வஹீ வந்திருந்தால் நாம் வியப்படைய மாட்டோம். ஆனால் அதே அத்தியாயத்தின் 159ஆவது வசனம், அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்டு, காரியங்களில் அவர்களோடு தொடர்ந்து ஆலோசனை செய்யும்படி நபியவர்களுக்குச் சொல்கிறது. மக்கள் தவறு செய்தார்கள் என்பதற்காக மக்களிடமிருந்து பொறுப்பு பறிக்கப்படவில்லை.

அரபுலகின் இன்றைய விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

பொறுப்பு வேறு, பழி வேறு

இங்கே ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். பொறுப்பு நம்முடையது என்று சொல்வது, ஒடுக்கப்பட்டவன் மீதே பழியைப் போடுவதற்கு அல்ல. வீடிழந்து கூடாரத்தில் வாழும் ஃபலஸ்தீனத் தாயிடம் போய், "நீ உன்னை மாற்றிக்கொள்ளாததால் வந்தது இது" என்று சொல்பவன் குர்ஆனைப் படித்தவன் அல்லன். அநியாயம் செய்தவன் அநியாயக்காரனே. அவனுக்கெதிராகக் குரல் கொடுப்பது கடமை. ஒடுக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்றுதான் நபிமொழி எச்சரிக்கிறது.

இந்த வேறுபாட்டை நுட்பமாக விளக்கியவர் அல்ஜீரிய அறிஞர் மாலிக் பின் நபி (1905–1973). மின்பொறியியல் படித்தவர். அவருடைய நாடு 1830 முதல் 1962 வரை பிரான்ஸின் பிடியில் இருந்தது. ஒரு நாட்டை அந்நியன் பிடிப்பது ஒரு நோய். பிடிபடுவதற்கு ஏற்றதாக அந்தச் சமூகம் உள்ளுக்குள் தளர்ந்து கிடப்பது அதற்கு முந்திய நோய். அந்நியனை விரட்டிய பிறகும் இரண்டாவது நோய் தீரவில்லையென்றால் முதல் நோய் வேறு உருவத்தில் திரும்பி வரும். உரிமைகளைக் கேட்பது எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் கடமைகளை நிறைவேற்றுவது என்று அவர் வலியுறுத்தினார்.

2002இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட அரபு மனித வளர்ச்சி அறிக்கையும் இதே திசையில்தான் பேசியது. அதை எழுதியவர்கள் அரபு அறிஞர்களே. அரபுலகைப் பின்னுக்கு இழுக்கும் மூன்று குறைகளை அவர்கள் பட்டியலிட்டார்கள்: சுதந்திரக் குறைவு, அறிவுக் குறைவு, பெண்களின் ஆற்றல் பயன்படுத்தப்படாமை. எண்ணெய்க் குறைவோ பணக் குறைவோ அந்தப் பட்டியலில் இல்லை. யூசுஃப் (அலை) அவர்கள் ஏழாண்டுப் பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்துவைத்த எகிப்து, இன்று உலகிலேயே மிக அதிகமாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று. 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது கெய்ரோவின் ரொட்டிக் கடைகளில் கவலை படர்ந்ததற்கு அதுதான் காரணம்.

துனீசியா சொன்ன பாடம்

2010 டிசம்பர் 17 அன்று துனீசியாவின் சீதி பூஸித் என்ற ஊரில் முஹம்மது பூஅஸீஸி என்ற தள்ளுவண்டி வியாபாரி, அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் தம்மையே எரித்துக்கொண்டார். தற்கொலையை மார்க்கம் அனுமதிக்காது. ஆனால் ஒரு மனிதனை அந்த எல்லைக்குத் தள்ளிய ஆட்சியை மக்கள் மன்னிக்கவில்லை. 2011 ஜனவரி 14 அன்று, 23 ஆண்டுகள் ஆண்ட பின் அலீ நாட்டைவிட்டு ஓடினார். பிப்ரவரி 11 அன்று எகிப்தில் முபாரக் பதவி விலகினார். லிபியா, யமன், சிரியா என்று அலை பரவியது.

அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். எகிப்தில் 2013 ஜூலையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. லிபியாவும் யமனும் சிரியாவும் உள்நாட்டுப் போரில் சிக்கின. துனீசியா மட்டும் 2014 ஜனவரியில் ஒரு புதிய அரசியல் சாசனத்தை நிறைவேற்றும் அளவுக்கு வந்தது. ஏன் அந்த வேறுபாடு?

காரணங்கள் பல இருந்தாலும் ஒன்று நமக்கு மிக முக்கியமானது. 2013இல் அரசியல் கட்சிகள் மோதிக்கொண்டு நாடு சரியப் பார்த்தபோது, நான்கு அமைப்புகள் நடுவில் நின்று எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தன: தொழிலாளர் கூட்டமைப்பு, தொழில் வணிகர் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம். தொழிலாளர் கூட்டமைப்பு 1946இல் தொடங்கப்பட்டது. அதாவது, புரட்சி நடந்த பிறகு அவசரமாக உருவானதல்ல. அதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் சந்தா கட்டி, தேர்தல் நடத்தி, கணக்கு எழுதி வளர்த்துவைத்திருந்தது. இந்த நால்வர் குழுவுக்கு 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. லிபியாவிலோ கடாஃபியின் 42 ஆண்டு ஆட்சியில் இப்படிப்பட்ட அமைப்புகள் எதுவும் வளர விடப்படவில்லை. அவர் போனதும் நடுவில் நிற்க ஆளில்லை.

துனீசியாவும் பின்னர் சறுக்கியது. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். அதைப் பார்த்து, "அரபுகளுக்கு ஜனநாயகம் ஒத்துவராது, அவர்களுக்குக் கெட்டியான ஒரு ராஜாதான் வேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. நம்மவர்களிலும் உண்டு. உஹதுக்குப் பிறகு இறங்கிய வசனத்தை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆலோசனை ஒருமுறை தோற்றது என்பதற்காக ஆலோசனையை அல்லாஹ் நிறுத்தச் சொல்லவில்லை.

அல்-மனார் நம் மண்ணுக்கு வந்த கதை

கெய்ரோவில் அச்சான அல்-மனாரை ஆவலோடு படித்த ஒரு வாசகர் நம் திருவிதாங்கூரிலேயே இருந்தார். வக்கம் அப்துல் காதிர் மௌலவி (1873–1932). திருவனந்தபுரத்துக்கு வடக்கே, அஞ்சுதெங்குக்கு அருகில் உள்ள வக்கம் அவருடைய ஊர். நம் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியின் கீழ் இருந்தவை. ஆகவே அவர் அயலூர்க்காரர் அல்லர். நம் பாட்டன்மார் எந்த மன்னருக்குக் குடிகளோ, அதே மன்னருக்குக் குடியாக இருந்தவர். மார்க்கக் கருத்துகள் சிலவற்றில் அவரோடு உடன்படாத ஆலிம்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இங்கே நாம் பார்ப்பது அந்த விவாதத்தை அல்ல. அவர் பொறுப்பைக் கையிலெடுத்த விதத்தை.

வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். அரபு, பாரசீகம், உருது உட்படப் பல மொழிகள் கற்றார். 1905 ஜனவரியில் தம் சொந்தப் பணத்தில் 'சுதேசாபிமானி' என்ற மலையாளப் பத்திரிகையைத் தொடங்கினார். அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1906இல் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியரானார். உரிமையாளர் ஒரு மௌலவி, ஆசிரியர் ஒரு நாயர். பத்திரிகையின் வேலை, திவானின் எதேச்சாதிகாரத்தையும் அதிகாரிகளின் ஊழலையும் பெயர் சொல்லிக் கேட்பது. ஆசிரியரின் பேனாவில் உரிமையாளர் கை வைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஊழலால் பாதிக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். திருவிதாங்கூரின் எல்லா மக்களும்தான். ஒரு மார்க்க அறிஞர் தம் சொத்தைப் போட்டுத் தொடங்கிய முதல் காரியம் பொதுநீதிக்கான காரியம். 'என் சமுதாயத்துக்கு என்ன' என்று கேட்பதற்கு முன் 'என் நாட்டுக்கு என்ன' என்று கேட்டவர் அவர்.

விலை கொடுக்க வேண்டி வந்தது. 1910 செப்டம்பர் 26 அன்று பத்திரிகை தடை செய்யப்பட்டு, அச்சகம் பறிமுதலானது. ராமகிருஷ்ண பிள்ளை கைது செய்யப்பட்டு, எல்லைக்கு அப்பாலுள்ள திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். மௌலவி வாழ்ந்த காலத்தில் அச்சகம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கேரள மாநிலம் உருவான பிறகுதான் அவருடைய வாரிசுகளிடம் அது ஒப்படைக்கப்பட்டது.

இழந்த சொத்தை நினைத்து அவர் முடங்கிவிடவில்லை. 1906இல் தொடங்கிய 'முஸ்லிம்' இதழைத் தொடர்ந்து 1918இல் 'அல்-இஸ்லாம்', 1931இல் 'தீபிகா' என்று எழுத்துப் பணி தொடர்ந்தது. 'அல்-இஸ்லாம்' அரபு எழுத்தில் அச்சான மலையாள இதழ். மலையாள எழுத்து அறியாத, ஆனால் ஓதத் தெரிந்த பெண்களும் பெரியவர்களும் படிக்கட்டும் என்பதே நோக்கம். மக்கள் இருக்கும் இடத்துக்குச் சென்று அவர்களை அழைத்து வருவது இதுதான்.

கல்வியில் அவர் செய்தது இன்னும் ஆழமானது. முஸ்லிம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளுக்குப் போகாததற்குப் பெற்றோர் சொன்ன காரணம், அங்கே மார்க்கமும் அரபும் இல்லை என்பது. மௌலவி இரண்டு பக்கமும் வேலை செய்தார். அரசிடம் போய், முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அரபு கற்பிக்க வேண்டும், கட்டணச் சலுகை வேண்டும் என்று வாதாடிப் பெற்றார். பெற்றோரிடம் போய், ஆண் பெண் இருபாலரையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். அத்தோடு நிற்கவில்லை. அரபு கற்பிக்கப் பாடநூல் வேண்டுமே? அவரே எழுதினார். அரபு ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு வேண்டுமே? அதற்குத் தலைமைத் தேர்வாளராக அவரே பொறுப்பேற்றார்.

உரிமையைக் கேட்டுப் பெறுவது பாதி வேலை. கிடைத்த உரிமையை நிரப்ப ஆளையும் நூலையும் முறையையும் ஆயத்தம் செய்வது மீதிப் பாதி. மாலிக் பின் நபி பின்னாளில் எழுதியதை வக்கம் மௌலவி அதற்கு முன்பே செய்து காட்டிவிட்டார்.

நாஞ்சில் நாட்டில் நமக்கு முன்னே நடந்தவை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இது வானத்திலிருந்து விழுந்ததல்ல. தோள்சீலை அணியும் உரிமைக்காக ஒரு சமூகத்தின் பெண்கள் அடிபட்டு, அவமானப்பட்டு, 1859இல் அரசாணை வரும்வரை பல பத்தாண்டுகள் போராடிய மண் இது. மிஷனரிப் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்தன. அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்ட சமூகங்கள் மூன்று தலைமுறையில் எழுந்து நின்றன. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததும் மக்கள் போராட்டத்தால்தான். மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில் ஏ. அப்துல் ரசாக் போன்ற முஸ்லிம் தலைவர்களும் முன்னணியில் இருந்தார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 1956 வந்தது.

நம் சமுதாயத்தின் நிலையை அறிய, தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலைப் படித்தால் போதும். ஊரை ஆட்டிப்படைக்கும் ஒரு முதலாளி, அறியாமையைக் காசாக்கும் ஒரு தங்ஙள், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சி எதிர்க்கும் மக்கள். அர்ஸலான் சொன்ன 'ஜாமித்' யார் என்பதை நம் கடற்கரைப் பேச்சிலேயே அவர் எழுதிக்காட்டினார். அந்த நாவல் வந்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் கண்ணாடி மீது கோபப்பட்டு முகம் அழகாவதில்லை.

தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் நம்மவர்கள் கட்டியெழுப்பியவையும் கொஞ்சமல்ல. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல். உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924இல். சென்னை நியூ கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல். சென்னையில் பெண்களுக்கென்று எஸ்.ஐ.இ.டி. கல்லூரி 1955இல், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971இல், கீழக்கரையில் தாசிம் பீவி மகளிர் கல்லூரி 1988இல். இவற்றில் பெரும்பாலானவற்றின் அடித்தளத்தில் இருப்பது தோல் மண்டிக்காரர்களும் கடல் கடந்து வணிகம் செய்தவர்களும் தம் கையிலிருந்து கொடுத்த பணம். எந்த அரபு நாட்டு ஷேக்கும் வந்து கட்டித் தருவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஜமால் முகமது கல்லூரி தொடங்கிய காலத்தில் வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் இன்றுபோல் பெருகியிருக்கவும் இல்லை.

இன்று நம் கையில் இருப்பவை

நம் மாவட்டத்தில் முஸ்லிம்கள் 4.2 சதவீதம், 2011 கணக்கில் சுமார் 78 ஆயிரம் பேர். எண்ணிக்கையில் சிறியவர்கள். சிறிய கூட்டத்துக்கு ஒழுங்குதான் பலம். உஹது மலையில் நின்ற 50 பேரின் ஒழுங்கு ஒரு படையின் கதியையே மாற்றியதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, ஜமாஅத் நிர்வாகம். ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியை நாம் தகப்பனுக்கும் தாய்க்கும் சொல்கிறோம். ஜமாஅத் தலைவருக்கும் செயலாளருக்கும் அது பொருந்தும். அரபு மன்னர்கள் மக்களிடம் கணக்குக் காட்டுவதில்லை என்று பேசும் நாம், நம் பள்ளிவாசலின் வரவு செலவுக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பலகையில் ஒட்டப்படுகிறதா என்று கேட்க வேண்டும். பொதுக்குழு உரிய காலத்தில் கூடுகிறதா? எத்தனை மஹல்லாக்களில் இருபத்தைந்து வயது இளைஞன் எழுந்து ஒரு கேள்வி கேட்க முடியும்? பெண்களின் கருத்து எந்த வழியில் நிர்வாகத்துக்குப் போய்ச் சேருகிறது? ஷூராவை நம் ஊரில் பழகாதவர்கள் கெய்ரோவில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது, வக்ஃப். 2025இல் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தபோது நாடு முழுவதும் நாம் எதிர்ப்புத் தெரிவித்தோம். அது நம் உரிமை. ஆனால் வக்ஃப் சொத்துகளின் விவரங்களை மத்திய அரசின் இணையதளத்தில் ஆறு மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்று வந்ததும், பல ஊர்களில் பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில் என்று தேடத் தொடங்கினார்கள். நம் முன்னோர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற நிலத்துக்கு நாமே காகிதம் வைத்திருக்கவில்லையென்றால், பறிப்பவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஒவ்வொரு ஜமாஅத்திலும் சொத்துப் பதிவேடு ஒன்று வேண்டும். சர்வே எண், பரப்பு, குத்தகைக்காரர், குத்தகைத் தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். நகல் ஒரே வீட்டுப் பீரோவில் முடங்கக் கூடாது.

மூன்றாவது, கல்வி. 2007இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைத்தது. கதவு திறந்திருக்கிறது, நுழைய ஆள் ஆயத்தமா? பத்தாம் வகுப்போடு கடைக்கோ விசாவுக்கோ போகும் பையன்களின் பெயர்ப் பட்டியல் நம் மஹல்லாவில் யாரிடமாவது இருக்கிறதா? பல குடும்பங்களில் இன்று பெண் பிள்ளை பட்டம் வாங்குகிறாள். அவளுக்குப் பொருத்தமாகப் படித்த மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்ற புதிய கவலையும் வந்திருக்கிறது. இதற்கு எந்த வெளிநாட்டுச் சதியும் காரணமில்லை.

நான்காவது, வளைகுடா வருமானம். அந்தப் பணம் நம் ஊர்களுக்கு வீடு தந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு தந்தது; நன்றியோடு சொல்ல வேண்டியது அது. ஆனால் இன்று அந்த நாடுகள் தம் சொந்த இளைஞர்களுக்கு வேலை தருவதைக் கொள்கையாக்கிவிட்டன. அது அவர்களுடைய சுயசார்பு; தவறென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் தம் காலில் நிற்கத் தொடங்கும்போது நாம் எங்கே நிற்போம் என்பதுதான் நம் கேள்வி. வரும் பணத்தில் ஒரு பங்கு கல்யாண மண்டபத்துக்கும் சீர்வரிசைக்கும் போகாமல், ஊரிலேயே ஒரு தொழிலுக்கோ ஒரு மாணவனின் மேற்படிப்புக்கோ போனால் அது அடுத்த தலைமுறையின் நங்கூரம்.

கோடரிக்குக் கைப்பிடி

அபூதாவூதில் பதிவான ஒரு சம்பவம் உண்டு. அன்சாரி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமும் மட்டும்தான். அவற்றைக் கொண்டுவரச் செய்து, இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு, இன்னொன்றுக்குக் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் கையாலேயே கைப்பிடி பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்று வா, பதினைந்து நாள் உன்னை நான் பார்க்கக் கூடாது என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் பத்து திர்ஹம் இருந்தது.

நபியவர்கள் அவரை வெறுங்கையோடும் அனுப்பவில்லை, உபதேசத்தோடு மட்டும் அனுப்பவில்லை. தர்மப் பணத்தையும் கொடுக்கவில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்ததிலிருந்தே தொடங்கினார்கள். கைப்பிடி பொருத்துவது தலைமையின் வேலை. வெட்டுவது அவருடைய வேலை. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

மஹ்தி (அலை) வருவார்கள் என்ற நபிமொழிகள் இருக்கின்றன, நம்புகிறோம். ஆனால் கியாமத் நாள் வந்துவிட்டாலும், கையில் ஒரு மரக்கன்று இருந்து, நடுவதற்கு அவகாசமும் இருந்தால் நட்டுவிடுங்கள் என்று சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

அரபுலகின் மாற்றத்தை அரபுகள்தாம் செய்ய வேண்டும். அவர்களுக்காகக் கையேந்துவோம், குரல் கொடுப்போம், முடிந்ததைக் கொடுப்போம். நம் மஹல்லாவின் மாற்றத்தை எந்த அரபும் வந்து செய்யப் போவதில்லை. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். நாளை அல்லாஹ்வின் முன்னிலையில் துனீசியாவைப் பற்றியோ எகிப்தைப் பற்றியோ நம்மிடம் கேட்கப்படுவதைவிட, நம் தெருவில் படிப்பை நிறுத்திய பையனைப் பற்றியும், கணக்குக் காட்டப்படாத வக்ஃப் தோப்பைப் பற்றியும்தான் அதிகம் கேட்கப்படலாம். அதற்குப் பதில் வைத்திருப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.